கணக்கை அழிக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக வலைத்தளத்தில் இருக்கவும் பிடிக்கவில்லை, விட்டுவரவும் மனசு வரவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். நியாயமான தவிப்புதான். பொழுதைத் தின்பதும் அதுவே, எப்போதோ பிரிந்த பள்ளித் தோழியைத் தேடித் தந்ததும் அதுவே. ஆனால் பலர் ஏதோ ஒரு வாக்குவாதம் முற்றி, கோபம் ஆறுவதற்குள் கணக்கை அழிக்கப் போகிறார்கள். இழப்பு நேர்வது அங்கேதான்.

ஃபேஸ்புக்கில் டிஆக்டிவேட் வேறு, டெலிட் வேறு. முன்னதில் உங்கள் பக்கம் பிறர் கண்ணில் படாது. எல்லாம் அப்படியே இருக்கும், மெசஞ்சரையும் தொடரலாம். டெலிட் கொடுத்தால் மனம் மாற 30 நாள் அவகாசம். அதன்பின் மீட்க வழியே இல்லை. முழுவதும் அழிந்து முடிய 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் அனுப்பிய செய்திகள் மட்டும் பெற்றவரின் இன்பாக்ஸில் கிடக்கும்.

ஆகவே முதலில் உங்கள் தகவல்களை டவுன்லோட் செய்யுங்கள். கால அளவில் 'ஆரம்பம் முதல்' என்பதையும், படத்தரத்தில் உயர்ந்ததையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்; கவனிக்காமல் விட்டால் படங்கள் மங்கலாக வரும். பிரவுசரிலேயே திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல் (HTML) வடிவம் கேளுங்கள், கணினி நிரல்களுக்கான ஜேசன் (JSON) வடிவத்தைச் சாதாரணமாகத் திறந்து படிப்பது கஷ்டம். பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று: பிறர் பதிவேற்றி உங்களை டேக் செய்த, அதாவது உங்கள் பெயரை இணைத்த படங்கள் இந்தத் தொகுப்பில் வராது. கல்யாண வீட்டுப் படம், இன்று உயிரோடு இல்லாத நண்பருடன் நின்ற படம் எல்லாம் பெரும்பாலும் அந்த வகைதான். பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேமியுங்கள்.

ஃபேஸ்புக் கணக்கை வைத்தே நுழையும் மற்ற ஆப்களுக்கு முன்கூட்டியே தனி பாஸ்வேர்டு அமைத்துவிடுங்கள். ஏதாவது பக்கத்துக்கு நீங்கள் ஒருவரே அட்மின் என்றால் இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள்.

இருந்துவிடுவது என்று முடிவெடுத்தால் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில் மட்டும் பாருங்கள், பார்த்து முடித்ததும் லாக்அவுட் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் லாகின் செய்யும் அந்தச் சின்ன அலுப்பே நேரத்தை மிச்சப்படுத்தும். எரிச்சலூட்டும் உறவினரை நட்பிலிருந்து நீக்கவே வேண்டாம், அவர் பதிவுகள் உங்கள் கண்ணில் படாமல் செய்யும் அன்ஃபாலோ போதும். அவருக்குத் தகவல் போகாது.

கிளம்புகிறவர்கள், வேண்டியவர்களின் போன் எண்ணை மெசஞ்சரில் தனித்தனியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்தநாள்களையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், இனி யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்