ஆற்காட்டின் கடல் வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இருக்கும் ஆலம்பரைக் கோட்டைக்குப் போயிருந்தோம். வேலூரிலிருந்து ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, மேல்மருவத்தூர் வழியாகப் போய் கடப்பாக்கத்தை அடைந்தால் கோட்டை பக்கத்தில்தான். இறங்கியதும் பேத்தி கேட்டாள்: "அகழி எங்கே தாத்தா?" வேலூர்ப் பிள்ளைக்குக் கோட்டை என்றால் கருங்கல் மதிலும் சுற்றிலும் தண்ணீரும்தானே! இங்கே இருப்பதோ செங்கல்லும் சுண்ணாம்பும். கழிமுகத்தையும் அதற்கு அப்பால் கடலையும் காட்டி, "இந்தக் கோட்டை காத்தது கப்பல் துறையை" என்றேன்.

சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறிய துறை அது. நாணயச் சாலையும் அங்கே இருந்தது. ஆற்காட்டில் இருந்துகொண்டு நவாபுகள் ஆண்ட சீமைக்கு அது ஒரு கடல் வாசல். 1750-இல் போர் உதவிக்குக் கைம்மாறாகக் கோட்டை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் போனது. 1760 ஜனவரியில் நம் பழைய வட ஆற்காட்டு வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து இடித்துப் போட்டார்கள். காலையில் டீ குடிக்க நிறுத்திய வந்தவாசிக்கும் இந்த இடிபாட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கே வீட்டில் படித்துவிட்டுப் போனதால்தான் தெரியும்.

2004 சுனாமியிலும் கோட்டை சேதப்பட்டது. கடலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சுவரில் ஆணியால் கீறிய பெயர்களும் இதயப் படங்களும்! கீறல் பட்ட இடத்தில் விரல் வைத்தேன். செங்கல் செந்தூளாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. மதில் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை இறங்கச் சொன்னேன். "இது என்ன கோட்டை அங்கிள்?" என்று கேட்டார்கள். சொன்னதும் நின்று கேட்டார்கள். அவர்கள் மேல் கோபப்பட மனம் வரவில்லை.

ஆகவே, பொறுப்பில் இருப்பவர்களுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பகலில் ஒரு காவலரையாவது அங்கே நிறுத்துங்கள். ஆற்காட்டையும் வந்தவாசியையும் சேர்த்துச் சொல்லும் பெரிய தமிழ்ப் பலகை ஒன்றை வாசலில் வையுங்கள். வேலூர், ராணிப்பேட்டைப் பள்ளிகள் சுற்றுலா என்றால் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகின்றன. அப்படியே கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் வழியில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, அப்புறம் ஆலம்பரை. இரண்டையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர்.