அப்பாவின் இருமலும் என் ஓய்வூதியப் பணமும்

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு போனில், "நன்றாக லாபம் வந்துகொண்டிருந்த ஃபண்டை எதற்கு மாற்றினாய்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் அம்மா இருந்தார். அப்பா பேச்சை எடுக்க மனம் வரவில்லை, மழுப்பிவிட்டேன். இன்று விடுமுறை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது, வெளியே தலைகாட்ட முடியாத குளிர். உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். காப்பீடு, வரி, அதற்கு நடுவே ஓய்வூதியப் படிவம். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து ஒரு நிதியில் போடுவார்கள். எந்த நிதி என்று நாமே குறிக்கலாம். குறிக்காவிட்டால் பொதுவான ஒன்றில் அவர்களே சேர்த்துவிடுவார்கள். எனக்குப் பாஷை பாதி புரியவில்லை. தங்க அறை கிடைக்குமா என்பதுதான் அப்போதைய கவலை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று வருஷம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருநாள், கூட வேலை செய்கிற ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னாள். ப்ரான்வின் கிங், ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருபவர். 2010-இல் தன் ஓய்வூதிய நிதியைச் சேர்ந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், தன் சேமிப்பில் ஒரு பகுதி சிகரெட் கம்பெனிகளில் இருப்பது அவருக்குத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு, புகையிலையில் போட்ட பணத்தை எடுங்கள் என்று நிதி நிறுவனங்களிடம் போய்ப் பேசுவதையே வேலையாக எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி என் நிதியின் பங்குப் பட்டியலைத் தேடி எடுத்தேன். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகக் கம்பெனிப் பெயர்கள். பாதிக்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். சிகரெட் கம்பெனிகள் இரண்டு இருந்தன. நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அந்த வரியில் விரல் நின்றபோது எனக்கு அப்பாதான் தெரிந்தார். கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, குனிந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தாரே. நீங்கள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பீர்கள். மூன்று வருஷமாக என் சம்பளத்திலிருந்து ஒரு துளி அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது, அண்ணா.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. இந்தப் பொது நிதிகள் பெரும்பாலும் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளை எல்லாம், அதனதன் மதிப்புக்கு ஏற்ற அளவில் வாங்கிப்போட்டு வைப்பவை. யாரும் உட்கார்ந்து பொறுக்கி எடுக்காததால் கட்டணமும் குறைவு. அந்த வசதியோடு சிகரெட்டும் சேர்ந்து வந்துவிடுகிறது.

"நீ விற்றால் இன்னொருவன் வாங்கப்போகிறான்" என்று நீங்கள் சொல்வீர்கள், அது உண்மைதான். சந்தையில் விற்கும் பங்கை இன்னொரு முதலீட்டாளர்தான் வாங்குகிறார். கம்பெனியின் கல்லாவில் ஒரு காசு குறையாது. அதை யோசித்தே இரண்டு வாரம் தயங்கினேன். ஆனால் அந்தப் பங்கு என்னிடம் இருக்கும்வரை, சிகரெட் கூடுதலாக விற்றால் எனக்கு நல்லது. எங்கோ ஒரு பதினாறு வயதுப் பையன் இன்று முதல் சிகரெட்டைப் பற்றவைத்தால், அது என் வயதான காலத்துக்கு வரவு. அந்த வரவு எனக்கு வேண்டாம்.

இதனால் நஷ்டம் வரலாம் என்பதையும் தெரிந்தேதான் செய்தேன். கலிஃபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி 2000-ஆம் ஆண்டு புகையிலையை விலக்க முடிவெடுத்தது. அதனால் சில நூறு கோடி டாலர் லாபம் கைவிட்டுப் போனதாகப் பிறகு கணக்குச் சொன்னார்கள். 2016-இல் மறுபடி வாக்கெடுத்தபோதும், விலக்கியது விலக்கியதுதான் என்று அதை இன்னும் விரிவாக்கினார்கள். 2022-இல் எண்ணெய்க் கம்பெனிப் பங்குகள் ஏறியபோது அவற்றை ஒதுக்கியவர்கள் பின்தங்கினார்கள். ஏற்றமும் இறக்கமும் வரத்தான் செய்யும். என் ஓய்வுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது, தாங்கிக்கொள்வேன்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாற இருந்தேன். முதலில் பெயரில் 'பசுமை' இருந்த ஒரு நிதியைக் குறிக்கப் போனேன். அட்டையில் மரம், ஓடை எல்லாம் போட்டிருந்தார்கள். பட்டியலைத் திறந்தால் ஏறக்குறைய பழைய நிதியில் இருந்த அதே பெரிய கம்பெனிகள், கட்டணம் மட்டும் அதிகம். பிறகு எதை எதை ஒதுக்குகிறோம் என்று விதிகளை எழுத்தில் வைத்திருந்த ஒன்றை எடுத்தேன். அவர்களுக்கு ஒரு கடிதமும் போட்டிருக்கிறேன்: கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டங்களில் எங்கள் பங்குகளுக்கு உள்ள வாக்கை எந்தப் பக்கம் போடுகிறீர்கள் என்று. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2021-இல் எக்ஸான்மொபில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் 0.02 சதவீதம் பங்கு வைத்திருந்த ஒரு சிறு நிதி, பெரிய நிதிகளின் வாக்கைத் திரட்டி, இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. விற்றுவிட்டுப் போயிருந்தால் அது நடந்திருக்காது. புகையிலைக் கம்பெனியை வாக்குப் போட்டுத் திருத்த முடியாது, விற்கும் பொருளே அதுதான். மற்றவற்றில் உள்ளே இருந்து கேட்கவும் இடம் இருக்கிறது.

செலவு வேறு மாதிரி. கடையில் கொடுக்கும் பணம் நேராகப் போய்ச் சேர்கிறது. மூன்று மாத பாங்க் கணக்கை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன்: இதை மனமறிந்து வாங்கினேனா, கை போன போக்கில் வாங்கினேனா? அதிகம் உறுத்தியது துணிதான். விலை மலிவு என்று வாங்கி, இரண்டு தடவை போட்டு, மூலையில் போட்டவை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்களே. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. அப்படியும் தையல்காரர்களை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அந்த நாட்டுத் துணியே வேண்டாம் என்று நான் ஒதுக்கவில்லை. அந்தப் பெண்களின் பிழைப்பு அது. அந்த விபத்துக்குப் பிறகு வந்த கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பெனியா என்று பார்த்து வாங்குகிறேன். வாங்கியதைக் கிழியும்வரை போடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் எதுவும் குறையாது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

அம்மா பெயரில் நீங்கள் போட்டுவைத்திருக்கும் ஃபண்டின் பங்குப் பட்டியலை எனக்கு அனுப்ப முடியுமா? அடுத்த ஞாயிறு அம்மா தூங்கிய பிறகு கூப்பிடுகிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை