கயலுக்கு, பாதியில் விட்ட விடை

அன்புள்ள கயல்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கைப்பேசியில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை அன்றிரவெல்லாம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. "தொடக்கத்தில் பிரபஞ்சம் எங்கும் ஒரே சீராக இருந்தது என்கிறார்களே அம்மா, பிறகு இத்தனை விண்மீன் திரள்கள் எப்படி வந்தன?" என்று கேட்டாய். சற்றுக் கூடுதலாகப் பொருள் இருந்த இடம் தன் ஈர்ப்பால் மேலும் பொருளை இழுத்துக்கொண்டது என்றேன். முப்பது ஆண்டுகள் பிளஸ் டூ மாணவர்களுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். அது தவறில்லை; ஆனால் அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இன்றுவரை ஒரு விண்மீன் திரள்கூட உருவாகியிருக்க முடியாது. அதனால்தான் பேசி முடித்ததை எழுத்தில் மறுபடியும் தொடங்குகிறேன்.

நான் சொன்னது உண்மையில் நியூட்டனின் விடை. 1692இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற சமய அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், பொருள் எல்லையற்ற வெளியில் சமமாகப் பரவியிருந்தால் அது ஒரே பிண்டமாகச் சேராமல் ஆங்காங்கே பற்பல பிண்டங்களாகத் திரளும் என்றும், சூரியனும் விண்மீன்களும் அவ்வாறு உருவாகியிருக்கலாம் என்றும் அவர் எழுதினார். வெளி அசையாமல் நின்றிருந்தால் இந்தத் திரட்சி கூட்டு வட்டியைப் போல விரைந்து பெருகும். ஆனால் வெளி விரிந்துகொண்டிருக்கிறது. ஈர்ப்பு சேர்ப்பதை விரிவு கலைக்கிறது. எவ்கெனி லிஃப்ஷிட்ஸ் என்ற இயற்பியலாளர் 1946இல் இதைக் கணக்கிட்டபோது, விரியும் பிரபஞ்சத்தில் அடர்த்தி வேறுபாடு மிக மெதுவாகத்தான் வளரும் என்று தெரிந்தது. எளிமையாகச் சொன்னால், பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிகிறதோ ஏறத்தாழ அத்தனை மடங்குதான் அந்த வேறுபாடும் வளர முடியும்.

இப்போது எண்களைப் பார். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள்வரை அண்டத்தை நிரப்பியிருந்த வாயு, எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் தனித்தனியே அலையும் வெப்பக் குழம்பாக இருந்தது. வெப்பம் 3,000 கெல்வின் அளவுக்குத் தணிந்தபோதுதான் அவை இணைந்து அணுக்களாயின. அதுவரை சிக்கிக் கிடந்த ஒளி விடுபட்டது. அந்த ஒளியைத்தான் 1965இல் பென்சியாஸும் வில்சனும் நுண்ணலை இரைச்சலாக அறிவித்தார்கள். 1989இல் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோள் அதில் இடத்துக்கு இடம் இருக்கும் வெப்பநிலை வேறுபாட்டை அளந்தது. 1992இல் முடிவு வெளியானபோது அந்த வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் விரிந்தது சுமார் 1,100 மடங்கு. லட்சத்தில் ஒன்றை 1,100ஆல் பெருக்கினால் நூற்றில் ஒன்று. வெப்பநிலைக்குப் பதில் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டாலும் நூற்றில் சில என்பதைத் தாண்டாது. ஓரிடம் விரிவிலிருந்து பிரிந்து தன்னுள்ளே சரிய வேண்டுமானால், அங்கே கூடுதலாக இருக்கும் பொருள் சராசரி அளவுக்கே சமமாக வளர்ந்திருக்க வேண்டும். நூற்றில் ஒன்றோ இரண்டோ போதாது. நான் உனக்குச் சொன்ன விடை அறுந்துபோவது இந்த இடத்தில்தான்.

இந்த இடைவெளியை நிரப்புவது கரும்பொருள், அதாவது ஒளியோடு உறவாடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத பொருள். கோமா கூட்டத்தில் உள்ள விண்மீன் திரள்கள் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்புக்குக் கட்டுப்படாத வேகத்தில் ஓடுவதை 1933இலேயே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கவனித்திருந்தார். ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரளின் விளிம்பிலும் சுழற்சி வேகம் குறையாததை வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் காட்டினார்கள். ஆனால் திரள்கள் தோன்றுவதற்கே கரும்பொருள் தேவை என்ற வாதம் எனக்கு இவை எல்லாவற்றையும்விட வலுவானதாகத் தோன்றுகிறது. ஒளியோடு உறவாடாத துகள்கள் இருந்தால், அந்தப் பழைய ஒளி, அதாவது நுண்ணலைப் பின்னணி, அவ்வளவு சீராக இருந்தும் திரள்கள் உருவாகலாம் என்று ஜேம்ஸ் பீபிள்ஸ் 1982இல், அதாவது கோபே அளப்பதற்குப் பத்தாண்டு முன்னரே எழுதிவிட்டார்.

காரணம் இதுதான். சாதாரண வாயு திரள முயன்றபோதெல்லாம் உள்ளே சிக்கிய ஒளியின் அழுத்தம் அதை வெளியே தள்ளியது. அமுங்குவதும் விரிவதுமாக அது ஒலியலைகளாக அதிர்ந்துகொண்டிருந்தது. கரும்பொருளுக்கு அந்தத் தடை இல்லை. சுமார் 50,000 ஆண்டுகளிலேயே அது தன்போக்கில் திரளத் தொடங்கிவிட்டது. ஆடி மாதத்தில் தூர்வாரி வைத்த குளத்தை நினைத்துக்கொள். ஐப்பசி மழை வரும்போது பள்ளம் தயாராக இருக்கும். ஒளியின் பிடி விட்டதும் ஹைட்ரஜனும் ஹீலியமும் கரும்பொருள் முன்பே தோண்டி வைத்த பள்ளங்களுக்குள் பாய்ந்தன. அந்தப் பழைய ஒலியலைகளும் முற்றாக அழிந்துவிடவில்லை. விண்மீன் திரள்கள் ஒன்றுக்கொன்று சுமார் 50 கோடி ஒளியாண்டு தொலைவில் அமைவது சற்றே கூடுதலாக இருப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். அந்தத் தொலைவு அன்றைய ஒலி ஓடிய தூரம், பிரபஞ்சத்தோடு சேர்ந்து நீண்டது.

கரும்பொருள் எப்படிப்பட்டது என்பதிலும் ஒரு பெரிய விவாதம் நடந்தது. அது நியூட்ரினோ என்ற மிக இலேசான துகளைப் போல வேகமாக ஓடுவதாக இருந்தால் சிறு திரட்சிகளெல்லாம் அழிந்துபோய், முதலில் மாபெரும் தட்டுகள் தோன்றிப் பிறகுதான் அவை திரள்களாக உடைய வேண்டும். மெதுவாக நகரும் குளிர்ந்த கரும்பொருளானால் சிறியவை முதலில் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து பெரியவை ஆகும். வானம் இரண்டாவதையே ஆதரித்தது. திரள்கள் சேர்ந்து பின்னும் வலை எப்படி இருக்கும் என்பதையும் காண முடிந்தது. 1986இல் டி லப்பராண்ட், கெல்லர், ஹக்ரா ஆகிய மூவரும் சுமார் 1,100 திரள்களின் தொலைவுகளை வரைபடமாக்கியபோது, அவை நுரைக்குமிழிகளின் சுவர்களில் ஒட்டியிருப்பவை போலவும் நடுவே பெரும் வெற்றிடங்கள் இருப்பது போலவும் தெரிந்தது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் எனக்குக் குறையவில்லை. 2017இல் புணே ஆய்வாளர்கள் அறிவித்த சரஸ்வதி என்ற பெருங்கூட்டம் அத்தகைய வலையின் ஒரு முடிச்சுதான். அதன் நீளம் 60 கோடி ஒளியாண்டுக்குக் குறையாது.

நீ அனுப்பிய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்துக்கு வருகிறேன். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளே ஆன ஒரு திரளை 2024இல் அது காட்டியது. அவ்வளவு இளமையில் அத்தனை ஒளி எதிர்பாராதது. 2025இல் புணேயைச் சேர்ந்த ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் சுமார் 150 கோடி ஆண்டு வயதான பிரபஞ்சத்தில், நம் பால்வீதியை ஒத்த, தெளிவான இரு சுருள் கைகள் கொண்ட திரளைக் கண்டு அதற்கு அலக்நந்தா என்று பெயரிட்டார்கள். இவை கரும்பொருள் கணக்கைப் பொய்யாக்கிவிட்டன என்று சிலர் அவசரப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளங்கள் எவ்வளவு ஆழம் என்பதை அந்தக் கணக்கு சொல்லும். அதில் விழுந்த வாயு எவ்வளவு விரைவாக விண்மீன்களாக மாறியது என்பது வேறு கேள்வி, அதில்தான் நம் அறிவு இன்னும் குறைவு.

இத்துடன் நான் போட்ட கணக்கைத் தனித்தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். சாதாரணப் பொருள் மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதுவரை முடித்திருக்கிறேன். கரும்பொருள் 50,000ஆம் ஆண்டிலிருந்தே வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால், அன்றிலிருந்து பிரபஞ்சம் விரிந்தது சுமார் 3,400 மடங்கு; அதிலிருந்து மேலே நீ போட்டுப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா