12 கிலோவும் 5 கிலோவும் 125 கிலோ ஆன கதை

புதுச்சேரியிலிருந்து அந்த டைப்ஸ்கிரிப்ட் ராப்பரை (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு மேலே, எந்த மதிப்பு என்ன வகை என்று குறித்துப் போர்த்திய உறையை) பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். எந்த ஃபங்ஷனைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். என் திருத்தம் நான்கு மாதமாக உங்கள் வாசலில் நிற்கிறது. ஒரே ஒரு வரி. படிவத்தில் அடித்ததை எடுத்துத் தரும் அந்த ஃபங்ஷன் நம்பர் தரும் என்கிறது உங்கள் சிக்னேச்சர், அதாவது அது எதை வாங்கி எதைத் தரும் என்ற அறிவிப்பு. உள்ளேயிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி தருவதோ ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. இன்புட் பெட்டியில் எண்ணையே அடித்தாலும் அதன் வேல்யூ ஸ்ட்ரிங்காகத்தானே வரும்?

போன சனிக்கிழமை சாயங்காலம், கடலூர் முதுநகரில் ஒரு முந்திரிக் கடை. பில் போடும் ஆப் நான் எழுதியது. வாடிக்கையாளர் ஒருவர் 12 கிலோ முழு முந்திரி கேட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, இன்னும் 5 கிலோ போடச் சொன்னார். கிலோ 800 ரூபாய். வர வேண்டியது 13,600. திரையில் வந்தது 1,00,000. கூட்டல் குறி இரண்டு ஸ்ட்ரிங்கையும் ஒட்டி 125 ஆக்கிவிட்டது. பெருக்கல் குறி அதைச் சமர்த்தாக எண்ணாக எடுத்துக்கொண்டது. எங்கேயும் ஒரு எரர் இல்லை. கடைக்கார ஐயா திட்டவில்லை. பழைய பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் செருகி, “இதுவே போதும் தம்பி” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்ட்ரிங் என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்தக் கூட்டலின் விடையை நம்பர் என்று நான் அறிவித்த இடத்திலேயே, ஓடுவதற்கு முன் கோடைச் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலர் என்னைப் பிடித்திருக்கும். நம்பர், ஸ்ட்ரிங் என்று எழுதும் இந்த டைப்பெல்லாம் கம்பைல் ஆனதும் உதிர்ந்துவிடும். ஓடும்போது காவலுக்கு ஆள் கிடையாது. டைப்பே இல்லாமல் இருந்திருந்தால் நானாவது சந்தேகப்பட்டிருப்பேன். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.

மாற்றினால் இதை வைத்து மற்றவர்கள் எழுதிய புரோகிராம் உடையும் என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். உடையட்டும், ஐயா. அது ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கிறது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. பயமாக இருந்தால் மேஜர் வெர்ஷனாக விடுங்கள், பழையதை உடைக்கும் மாற்றம் இது என்று சொல்லத்தானே வெர்ஷனின் அந்த முதல் எண்? இன்னொருவர் ‘எனி’ என்று, அதாவது எதுவாகவும் இருக்கலாம் என்று, போட்டுவிடலாம் என்கிறார். எல்லா இடத்திலும் ‘எனி’ போடுவதென்றால் ராப்பர் எதற்கு? இதற்கிடையில் லோகோ இரண்டு முறை மாறிவிட்டது. நன்றாகவே இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். சம்பளமில்லாமல் செய்கிறீர்கள் என்பது தெரியும். டெஸ்டும் எழுதி இணைத்திருக்கிறேன். நம்பர் என்பதை ஸ்ட்ரிங் என்று மாற்றி, இந்த வாரம் ஒரு வெர்ஷன் விடுங்கள். நேரில் பேச வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் ஏறி வருகிறேன்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து உங்கள் பயனர்