மடக்கு நாற்காலி விரிசல்: பழி மரத்தின் மேல் இல்லை

அனுப்புநர்:
வாடிக்கையாளர், திருவான்மியூர், சென்னை
(முகவரியும் கைபேசி எண்ணும் உங்கள் ஆர்டர் பதிவில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வெளித்தாழ்வாரத்துக்கு வாங்கிய மர மடக்கு நாற்காலிகள் நான்கு – தவறான பூட்டும் முறை, துருப்பிடித்த போல்ட்டுகள், விரிசல் விட்ட கால் – மாற்று உதிரிகள் கோருதல்

ஐயா / அம்மையீர்,

ஜூன் மாதம் உங்களிடம் வாங்கிய நான்கு நாற்காலிகள் பற்றி அக்டோபரில் ஒரு புகார் பதிவு செய்திருந்தேன். அதற்கு வந்த பதில் இரண்டே வரி: "இயற்கை மரம் என்றால் அப்படித்தான் இருக்கும். வெயில், மழை படாமல் வைத்துப் பயன்படுத்தவும்." வெளியே போடுவதற்கென்றே விற்ற நாற்காலிக்கு இந்த யோசனை, குடை வாங்கியவரிடம் அதை நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது போல இருக்கிறது. எனவே இந்த முறை மரத்தின் இயல்பு எது, உங்கள் தவறு எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில், எவற்றைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டை வெளிர் பழுப்பாகவும் அடுத்தது கருஞ்சிவப்பாகவும் இருப்பது இந்த நாற்காலிகளின் மரமான அகேசியாவின் குணம். வெயிலில் நிறம் மங்கிச் சாம்பல் தட்டுவதும் அப்படியே. பட்டைகளின் முனையில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விழும். அதனால் பலம் குறையாது. மழைக்காலத்தில் மரம் ஊதும், மே மாதத்தில் சுருங்கும், 60 மி.மீ. அகலப் பட்டையில் அந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இவை எதற்கும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டேன். இருக்கைப் பட்டைகளின் விளிம்பை உருட்டி இழைத்திருக்கும் விதம் நன்றாகவே இருக்கிறது.

இப்போது குறைக்கு வருகிறேன். பெரியது, நாற்காலியின் பாகங்களைச் சேர்க்கப் பெட்டியில் வந்த பூட்டும் முறைத் தாள்.

இந்த நாற்காலியின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தாளை வரைந்தவர் ஒரு நாற்காலியையாவது கையால் பூட்டிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். தரையில் முன்பக்கம் ஊன்றி மேலே முதுகு வரை போகும் நீளக்கால்கள் இரண்டு. அவற்றைக் குறுக்காக வெட்டிப் போகும் குட்டைக்கால்கள் இரண்டு. குட்டைக்காலின் தலையில் இருக்கையின் முன்பக்கம் போல்ட்டில் தொங்குகிறது. இருக்கையின் பின்பக்கத்தில் இருபுறமும் 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளைகள், நீளக்கால்களின் உட்பக்கத்தில் வெட்டிய காடிக்குள் (நீளவாட்டுப் பள்ளத்துக்குள்) ஓடுகின்றன. காடியின் மேல்முனையும் கீழ்முனையும் மூடியவை. ஆகவே முளை காடிக்குள் போக ஒரே வழி பக்கவாட்டு வழி. அதாவது, ஒரு நீளக்காலைக் கழற்றி வைத்துக்கொண்டு இருக்கையை நடுவில் பிடித்து, அப்புறம் அந்தக் காலைச் சாத்த வேண்டும்.

உங்கள் தாள் என்ன சொல்கிறது? மூன்றாம் படியில் நீளக்கால்கள் இரண்டையும் முதுகுப் பட்டைகளோடும் கீழ்க் குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்து "நன்றாக இறுக்கவும்" என்கிறது. ஐந்தாம் படியில் இருக்கையைக் காடிக்குள் நுழைக்கச் சொல்கிறது. இறுக்கிய சட்டத்துக்குள் அது நுழையாது. ஒரு முளையைக் காடியில் வைத்தபின், மறு முளைக்கு இடம் கொடுக்க அந்தப் பக்கத்துக் காலை 8 மி.மீ. விலக்க வேண்டியிருக்கிறது. மேலே முதுகுப் பட்டை, கீழே குறுக்குச் சட்டம் என்று இரு பக்கமும் பூட்டிய 22 மி.மீ. கனக் கால் அவ்வளவு வளைந்து கொடுக்காது. நெம்பித்தான் நுழைக்க முடியும். நெம்பும்போது முளையின் முனை காடியின் விளிம்பைக் கடிக்கிறது.

இதற்கு ஆதாரம் அந்த நான்கு நாற்காலிகளிலேயே இருக்கிறது. முதல் இரண்டும் தாளில் உள்ளபடி பூட்டியவை. ஒன்றில் காடியின் விளிம்பு சில்லு பெயர்ந்திருக்கிறது. இரண்டாவதில் இடது காடியின் கீழ்முனையிலிருந்து 40 மி.மீ. நீளத்துக்கு விரிசல். மூன்றாவதும் நான்காவதும் தாளை ஓரமாக வைத்துவிட்டுச் சரியான வரிசையில் பூட்டியவை. அவற்றின் காடியில் ஒரு கீறல்கூட இல்லை. நான்கும் ஒரே மரம், ஒரே நாளில் வந்த பெட்டிகள், பூட்டியதும் ஒரே கை. மாறியது படிகளின் வரிசை மட்டும்தான்.

அந்த வரிசையையும் எழுதிவிடுகிறேன். அடுத்த அச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டத்தையும் முதுகுப் பட்டைகளையும் ஒரு நீளக்காலில் மட்டும் மாட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் திருக வேண்டும். குட்டைக்கால்களையும் அவற்றின் குறுக்குச் சட்டத்தையும் இருக்கையோடு சேர்த்துத் தனியாக ஒரு தொகுப்பாக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுப்பின் ஒரு முளையை முதல் காடியில் வைத்து, மறு முளையின் மேல் இரண்டாம் நீளக்காலைச் சாத்தி, அதன் போல்ட்டுகளையும் கையாலேயே திருக வேண்டும். கால்கள் குறுக்கிடும் இடத்து போல்ட்டுகளை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். பின்பு சமதரையில் நிறுத்தி, ஐந்தாறு முறை மடக்கி விரித்து, நான்கு காலும் தரையில் உட்காருகின்றனவா, மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவா என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். அசையாத மூட்டுகளை முதலில் இறுக்கி, மடங்கும் மூட்டுகளைக் கடைசிக்கு விடுவது நல்லது. 20 நிமிட வேலைதான்.

தாளில் வேறு இரண்டு பிழைகளும் உண்டு. குட்டைக்கால்கள் இரண்டிலும் ஒரே "சி" ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஆனால் அவை ஒன்றல்ல. நட்டு உட்காரும் பள்ளம் ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். பள்ளம் உள்நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் நட்டு வெளியே துருத்திக்கொண்டு, ஒவ்வொரு முறை மடக்கும்போதும் இருக்கைச் சட்டத்தைச் சுரண்டும். அடுத்தது உருளை நட்டு, அதாவது மரத்துக்குள் குறுக்காகச் செருகி, போல்ட்டைப் பிடிக்கும் உருளை வடிவ நட்டு. அதன் தலையில் இருக்கும் கோட்டுப் பள்ளம் போல்ட் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மரை பிடிக்காது, வலிந்து திருகினால் மரை போய்விடும். படத்தில் அது வெறும் வட்டமாக இருக்கிறது. நான்காவது பெட்டியில் 8 உருளை நட்டுக்குப் பதில் 7தான் இருந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து இரும்புச் சாமான்கள். உங்கள் விற்பனைப் பக்கத்தில் "வெளிப்புறப் பயன்பாட்டுக்கு ஏற்ற, துருப்பிடிக்காத போல்ட்டுகள்" என்று இருந்தது. வந்தவை துத்தநாகப் பூச்சுப் பூசிய சாதாரண இரும்பு. காந்தத்தைக் காட்டினால் கப்பென்று ஒட்டிக்கொள்கின்றன. கடற்கரையிலிருந்து 700 மீட்டர் தூரத்தில் அந்தப் பூச்சு ஏழு வாரம் தாங்கியது. இப்போது வாஷரின் ஓரத்தில் பழுப்புப் பொடி. போல்ட் துளையைச் சுற்றி மரத்தில் மை கொட்டியது போலக் கறுப்பு வளையம். உங்கள் ஊழியர் இதைப் "பூஞ்சை" என்றார். பூஞ்சை அல்ல. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சியது இதே விதத்தில்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் ஆக்சாலிக் அமிலம் தடவிக் கழுவினாலும் கறை போகும். ஆனால் இரும்பு போல்ட் அங்கேயே இருக்கும்வரை அடுத்த மழைக்குத் திரும்ப வரும். கடலோரத்துக்கு வேண்டியது 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் உள்ள மாலிப்டினம்தான் உப்புக்காற்றைத் தாங்க உதவுவது. போல்ட் தலையில் "ஏ4" என்று முத்திரை இருந்தால் அந்தத் தரம். 304 தரம் கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களுக்குப் போதும்.

துருவைவிட எனக்குக் கவலை தருவது மடங்கும் மூட்டு. எம் 6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டை 7.5 மி.மீ. துளையில் போட்டிருக்கிறீர்கள். போல்ட் மரத்தில் உரசாமல் காக்கும் குழல் உள்ளே இல்லை, போல்ட்டின் தண்டு முழுக்க மரை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த மரை அரம் போல மரத்தை ராவுகிறது. முதல் நாற்காலியின் குறுக்கு மூட்டில் துளை இப்போதே முட்டை வடிவமாகிவிட்டது. நீளவாட்டில் அளந்தால் 8.4 மி.மீ. பக்கவாட்டு ஆட்டம் இங்கிருந்துதான் வருகிறது. "போல்ட்டை இறுக்குங்கள்" என்ற யோசனையால் இது தீராது. இறுக்கினால் நாற்காலி மடங்காது, வாஷர் மரத்தில் பதியும். தளர்த்தினால் சாதாரண நட்டு நாலு நாளில் தானாகக் கழன்று வருகிறது. இந்த இடத்தில் நடுத்தண்டு வழவழப்பாக உள்ள போல்ட், அதற்குப் பொருந்தும் பித்தளைக் குழல், இரு மரங்களுக்கு நடுவே ஒரு நைலான் வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டு ஆகியவை வேண்டும். பூட்டு நட்டை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பிவிட்டால் மூட்டு ஆடாது, மடங்கவும் தடை இருக்காது. செலவு அதிகமில்லாத சாமான்கள்தான் இவை. இவற்றில் மிச்சம் பிடித்ததால் நாற்காலியின் ஆயுளே குறைகிறது.

விரிசல் விட்ட இடது காலைப் பற்றி இன்னொன்று. நெம்பியது விரிசலைத் தொடங்கி வைத்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தை அறுத்த விதமே சரியில்லை. மரத்தின் நார் காலின் நீளத்தோடு ஓட வேண்டும். இதில் 150 மி.மீ. தூரத்துக்குள்ளேயே முன்முகத்திலிருந்து பின்முகத்துக்குச் சரிந்து வெளியேறிவிடுகிறது. அப்படிப்பட்ட மரத்தில் காடி வெட்டி, காடிக்கும் காலின் ஓரத்துக்கும் இடையே 9 மி.மீ. மட்டும் விட்டால், சாய்ந்து உட்காருபவரின் பாரம் முழுக்க அந்த 9 மி.மீ. மேல் இறங்கும். 110 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். விரிசல் விட்ட காலோடு ஒரு குழந்தையைக்கூட அதில் உட்கார வைக்க மனம் வராது. அந்த நாற்காலியை மடக்கிக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

மற்றவை சிறியவை. "முழுதும் வைரம் பாய்ந்த மரம்" என்று எழுதிவிட்டு, இரண்டு பட்டைகளில் விரற்கடை அகலத்துக்கு வெளுப்பு (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற வெளிமரம்) வருவது ஏமாற்று. வைரத்துக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு நிறத்தோடு நிற்பதில்லை. வெளியில் போட்டால் முதலில் உளுப்பது வெளுப்புதான். கால்களின் அடிமுனையில் எண்ணெய்ப் பூச்சு ஏறவே இல்லை. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட முனை வழியாகத்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். பூச வேண்டிய முதல் இடமே அதுதான். அடியில் தேய்மானத்துக்கு ஒரு நைலான் குமிழ்கூட இல்லை.

விற்பனைப் பக்கத்தையும் திருத்துங்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது, மரத்தின் பெயர், சட்டத்தின் கனம், போல்ட்டின் தரம், மூட்டில் குழல் உண்டா இல்லையா, இருக்கையின் உயரம், மடக்கினால் எவ்வளவு தடிமன், எடை எவ்வளவு என்பவை. இவற்றில் எடையைத் தவிர ஒன்றும் அங்கே இல்லை. மாலை வெயிலில் தேநீர்க் கோப்பையோடு ஏழு படங்கள் இருக்கின்றன. நாற்காலியின் அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

நான் கேட்பது இவை. நாற்காலிகளை மொத்தமாக மாற்றித் தர வேண்டாம். அதே போல்ட்டும் அதே தாளும் திரும்ப வரும். இரண்டாம் நாற்காலிக்கு நார் நேராக ஓடும் இடது நீளக்கால் ஒன்று. முதல் நாற்காலிக்குக் காடி சேதமான காலும், துளை பெரிதான குறுக்கு மூட்டுக் கால்களும். நான்குக்கும் சேர்த்து 316 தரத்தில் 32 இணைப்பு போல்ட்டுகளும் 32 உருளை நட்டுகளும். மடங்கும் மூட்டுகளுக்கு வழவழத் தண்டு போல்ட், பித்தளைக் குழல், நைலான் வாஷர், பூட்டு நட்டு வகைக்கு 16. வெளுப்பு விழுந்த இரண்டு பட்டைகளுக்கு மாற்று. கூடவே திருத்திய தாள். இதே மாதிரியை வாங்கிய மற்றவர்களுக்கும் அந்தத் தாளை அனுப்பிவைப்பது உங்கள் கடமை என்று கருதுகிறேன்; அவர்கள் வீட்டிலும் யாராவது இப்போது காலை நெம்பிக்கொண்டிருக்கலாம். உதிரிகள் தர இயலாதென்றால் நான்குக்கும் முழுத்தொகையைத் திருப்பித் தந்து, உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகள், 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். சரியான பயன்பாட்டு வழிமுறை தராததால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்வதையும் உங்கள் சட்டப் பிரிவு அறிந்திருக்கும். மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். காடி, துளை, போல்ட் ஆகியவற்றை அளவுகோலோடு எடுத்த 14 படங்களையும் பூட்டும் முறைத் தாளின் நகலையும் இணைத்துள்ளேன்.

நேரில் பார்க்க ஆளை அனுப்புவதாக இருந்தால் ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை 5 மணிக்கு மேல் வரலாம். வருபவர் 10-11 ஸ்பேனரும் 4 மி.மீ. ஆலன் கீயும் கையோடு கொண்டுவரட்டும். உங்கள் பெட்டியில் வந்த ஆலன் கீயின் முனை இரண்டாம் நாற்காலியிலேயே உருண்டுவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
திருவான்மியூர், சென்னை