மார்கழியில் திறந்த அணை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மத்திய ஆசியாவின் தண்ணீர்ச் சண்டை பற்றிய கட்டுரையைப் படித்தேன். இங்கே யாரும் அதிகம் பேசாத விஷயத்தை எடுத்ததற்கு நன்றி. ஆனால், மேலே இருக்கும் கிர்கிஸ்தான் தண்ணீரை அடைத்துவைத்து உஸ்பெகிஸ்தானை வாட்டியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருந்தது. நீர்மின் நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிர்கிஸ்தானில், கீழே சிர் தரியா நதியாக ஓடும் நரின் ஆற்றின் குறுக்கே உள்ள டொக்டோகுல் அணை 1,950 கோடி கன மீட்டர் கொள்ளும். எங்கள் மேட்டூர் அணையைப் போல ஏழு மடங்குக்கும் மேல்! சோவியத் காலத்தில் கோடையில்தான் அதைத் திறப்பார்கள், கீழே உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் பக்கத்துப் பருத்திப் பாசனத்துக்காக. குளிர்காலத்தில் நீரைத் தேக்கிவைப்பார்கள். சரி, குளிர்காலத்தில்தானே கிர்கிஸ் மக்களுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும்? அதற்கு ஈடாக உஸ்பெகிஸ்தானிலிருந்து எரிவாயுவும் கசகஸ்தானிலிருந்து நிலக்கரியும் வந்துவிடும். கணக்கை மாஸ்கோ பார்த்துக்கொண்டது.

1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. 1992 பிப்ரவரியில் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் கசகஸ்தானின் அல்மாட்டியில் கூடி, தண்ணீரைப் பழைய பங்கீட்டின்படியே பிரித்துக்கொள்வோம் என்று கையெழுத்திட்டன. எரிபொருளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கோளாறு தொடங்கியது இங்கேதான் என்பேன். அப்புறம் 1993-ல் கிர்கிஸ்தான் மே மாதமும் கசகஸ்தான் நவம்பரிலும் சொந்த நாணயத்துக்குப் போயின. கீழே இருந்தவர்கள் எரிவாயுவுக்கு வெளிச்சந்தை விலை கேட்டார்கள். தண்ணீர் மட்டும் பழையபடி சும்மா வர வேண்டும் என்றார்கள். கையில் காசில்லாத நாடு என்ன செய்யும்? கடுங்குளிரில் அணையைத் திறந்து மின்சாரம் எடுத்தது. அதனால்தான் கோடைக்கு நீர் இருப்பு குறைந்தது.

கீழே இருந்தவர்கள் பட்ட பாட்டையும் நான் மறைக்கவில்லை. குளிர்காலத்தில் சிர் தரியா நதி கசகஸ்தான் பகுதியில் உறைந்து கிடக்கும். மேலிருந்து வரும் நீரை அது தாங்காது. அங்குள்ள சர்தாரா அணையிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அர்னசாய் பள்ளத்தில் நீரைத் திருப்பிவிட்டார்கள். மேய்ச்சல் நிலங்கள் முழுகி அங்கே ஏரியே பெருகிவிட்டது. ஆரல் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் அது. கோடையிலோ பருத்தி வயலுக்குத் தண்ணீர் போதாது.

1998-ல் தண்ணீரையும் எரிபொருளையும் சேர்த்தே ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பேரம் பேச வேண்டும். நல்ல மழை பெய்த வருடம் கீழே இருப்பவர்களுக்குக் கூடுதல் தண்ணீர் தேவையில்லை. எரிபொருளும் சரியாக வராது. 2009 டிசம்பரில் உஸ்பெகிஸ்தான் மத்திய ஆசிய நாடுகளை இணைத்த பொது மின்தொகுப்பிலிருந்தே விலகிக்கொண்டது.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று, 2016-க்குப் பிறகு நடந்த மாற்றம். மிர்சியோயெவ் உஸ்பெகிஸ்தானின் அதிபரானதும் எல்லைகள் திறந்தன. டொக்டோகுலுக்கு மேலே 1,860 மெகாவாட் கம்பராத்தா-1 அணைத் திட்டத்தை ஒருகாலத்தில் எதிர்த்துவந்த அதே உஸ்பெகிஸ்தான், 2023 ஜனவரியில் கிர்கிஸ்தானோடும் கசகஸ்தானோடும் சேர்ந்து அதைக் கட்டும் திட்டத்தில் கையெழுத்திட்டது. காரணம் எளிது. குளிர்காலத்தில் கம்பராத்தாவில் மின்சாரம் எடுத்துவிட்டு, அந்த நீரையே கீழே டொக்டோகுலில் பிடித்துவைத்துக் கோடையில் திறக்கலாம். மேலே வீட்டுக்குச் சூடும் கிடைக்கும், கீழே வயலுக்குத் தண்ணீரும் கிடைக்கும்.

இந்த அணையின் செலவை மூன்று நாடுகளும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளப் போகின்றன, குளிர்கால மின்சாரம் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் விரிவாக ஒரு கட்டுரையாக வெளியிடுங்கள். காத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்,
மேட்டூர் அணை.