மனுவில் மண்ணுக்கும் ஓர் இடம் கொடுங்கள்: டெல்டா விவசாய சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டா விவசாய சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

குறைதீர் கூட்டங்களில் நீங்கள் வைக்கும் கோரிக்கைகள் எனக்கு மனப்பாடம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும், கொள்முதலில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்த வேண்டும், யூரியா தடையில்லாமல் கிடைக்க வேண்டும், காப்பீட்டுத் தொகை வர வேண்டும். எல்லாமே நியாயம். நீங்கள் கத்தாவிட்டால் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்கு நாதியில்லை. ஆனால் அந்த மனுக்களில் மண்ணைப் பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. நாம் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து மூன்றைப் பார்த்துவிட்டு அட்டையை மடித்து வைத்துவிடுகிறோம். அங்கக கரிமம், அதாவது மக்கிய தழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் கார்பன், என்றும் ஒரு வரி உண்டு, 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு'. மண்ணிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அந்தக் கரிமம்தான் சோறு. அவை தின்று செரித்துத்தான் எருவிலும் வேரிலும் உள்ள சத்து பயிருக்குக் கைமாறுகிறது. ஓர் ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய 900 டன் இருக்கும். கரிமத்தை வெறும் 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். போடுவதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாகக் காற்றில் விட்டுவிடும் என்பதால், இரண்டு டிப்பர் குப்பையோடு முடிகிற காரியமல்ல இது.

இந்தக் கணக்கை வைத்து வைக்கோலைப் பாருங்கள். நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. கட்டு கட்டி லாரியில் ஏற்றினால் அது ஊரைவிட்டுப் போகிறது. கொளுத்தினால் சாம்பல் சத்து மட்டும் மிஞ்சும். கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போகும், மேல்மண்ணில் இருக்கும் உயிர்களும் வெந்துவிடும். கொளுத்துகிறவரைத் திட்டி என்ன பயன்? குறுவை நெல்லை அறுத்த கையோடு அடுத்த நெல்லான தாளடியை நட வேண்டும். பச்சை வைக்கோலை மடக்கி உழுது உடனே நட்டால், அதைச் செரிக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நாற்று வெளுக்கும். நாம் இன்னொரு மூட்டை யூரியாவைத் தூக்குவோம். மடக்கிய பிறகு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும், அதற்கு ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வர வேண்டும். மடக்கிய வயலில் தண்ணீரைத் தேக்கியே வைத்தால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பும்; காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் குறையும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயத்தில் எவன் வயலைக் காயப் போடுவான்? ஆகவே தண்ணீருக்காக நீங்கள் நடத்தும் போராட்டத்துக்குள்ளேயே மண்ணும் இருக்கிறது. மேடையில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சம்பா நெல்லுக்குப் பின் உளுந்துதான் என்பதால், அதன் வைக்கோலுக்கு இந்த நெருக்கடி இல்லை. உளுந்து முளைத்த வயலில் வைக்கோலைப் பரப்பிவிட்டால் ஈரமாவது நிற்கும். அறுவடை இயந்திரம் அதை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போவதுதான் தொல்லை. வாடகை இயந்திரங்களில் வைக்கோலைப் பரப்பும் கருவி இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்தது தக்கைப்பூண்டு, வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி. 2024-25 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதையும் அடக்கம். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். ஜூன் தண்ணீருக்கு முன்னால் மடக்க வேண்டுமென்றால் சித்திரை பாதிக்குள் விதை கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் விதை பட்டியலில் ஏறும், மண்ணில் ஏறாது. செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. நாகை பக்கத்து உப்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் செடி இது.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரப் பாக்கெட்டுகளும் பாக்டீரியா அடங்கிய உயிருள்ள சரக்குதான். தகரக் கூரைக் கிடங்கில் கோடை முழுக்கக் கிடந்தால் நமக்குக் கிடைப்பது வெறும் தூள். குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள்.

எருவுக்காக வயலில் ஆடுகளை இரவில் அடைத்து வைக்கும் ஆட்டுக்கிடையும் அருகி வருகிறது. 'ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்' என்ற சொல் நமக்குத் தெரியாததல்ல. ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கோடையிலும் நெல் நட்டால் ஆடு ஓட்டி வரும் ராமநாதபுரத்துக் கீதாரி எங்கே கிடை போடுவார்?

உரத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். 2021-இல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உரத்தைத் தடுத்து, அந்த வருட முடிவுக்குள்ளேயே பின்வாங்கியது. மண் தேறத் தேறத்தான் உரத்தைக் குறைக்க முடியும். தேறுகிறதா என்று தெரிய அளந்து பார்க்க வேண்டும். பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி எடுத்துப் போட்ட அட்டையில், ஒரு ஏக்கர்காரருக்குக் கிடைப்பது பல சமயம் பக்கத்து வயலின் கணக்கு.

எனவே தை மாதக் கூட்டத்தில் இந்த நான்கையும் மனுவில் சேருங்கள்: சித்திரை பாதிக்குள் தக்கைப்பூண்டு விதை, அறுவடை இயந்திரத்தில் வைக்கோல் பரப்பும் கருவி, உயிர் உரத்துக்குக் குளிர்ந்த கிடங்கு, வயல்வாரியாகக் கரிமப் பரிசோதனை. மாசிக்குப் போனால் இந்த வருட விதைக்கு நேரமிருக்காது. மனு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்